பால்கனி ஐயா சொன்ன அந்த அம்மா

ஊரடங்கு வந்த நாளிலிருந்து ரேடியோ நிலையம் அவளுடைய படுக்கையறைக்கே குடிவந்துவிட்டது. நிலையத்தில் அறிவிப்பாளர் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்து பேசுவார். நேயர்களின் அழைப்பை எடுத்து, யார், எதைப் பற்றிப் பேசப்போகிறார், நேரலையில் ஏடாகூடமாக எதையாவது உளறிவைக்க மாட்டாரே என்று நாடி பிடித்துப் பார்த்து, அப்புறம் அவரை அறிவிப்பாளரிடம் தள்ளிவிடுவது அவள் வேலை. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் காலை முழுக்க வெளியுலகம் கிடையாது. கட்டடத்தில் அவளுக்குப் பெயரே ரேடியோக்காரி என்றாகிவிட்டது.

வீட்டில் அவளும் மாமனாரும் மாமியாரும்தான். கணவன் வேலைக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டான். மாமனார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவர்களிடம் கத்திக் கத்தியே பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டாரோ என்னவோ, வீட்டில் அவர் வாயிலிருந்து 'ம்' என்பதைத் தாண்டி எதுவும் வந்து அவள் கேட்டதில்லை. மாமியார் நேர்மாறு. பேச ஆள் அகப்படாவிட்டால் குக்கரையாவது பிடித்து இரண்டு திட்டுத் திட்டுவார்.

நிகழ்ச்சியின் பெயர் 'நீங்களே சொல்லுங்க'. கடையைத் திறக்கலாமா கூடாதா, மாஸ்க் போடாதவனுக்கு அபராதம் போடலாமா, இல்லை அது அவனவன் பொறுப்பா என்று தினமும் ஒரே மல்லுக்கட்டு. ஒருத்தர் "என் மூக்கு, என் இஷ்டம்" என்பார். அடுத்தவர் "உன் மூக்குல இருந்து வர்றது என் மூக்குக்குள்ளதானய்யா போகுது" என்று எகிறுவார். அறிவிப்பாளருக்கு நல்ல அறுவடை.

அந்தக் கூட்டத்தில் பால்கனி ஐயா வேறு ரகம். பெயர் சொல்ல மாட்டார். "பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடிமகன்" என்பார். மாஸ்க்கைக் கழற்றாமல்தான் பேசுவாராம். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஆனால் பேச்சு மேடைப் பேச்சு. "அரசாங்கம் கதவைத்தான் பூட்ட முடியும் ஐயா, காலைக் கட்ட முடியாது. அது அவரவர் கடமை. எங்கள் கட்டடத்திலேயே ஓர் அம்மா இருக்கிறார். தினமும் மதியம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்" என்று ஆரம்பித்தார் ஒருநாள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா இன்று போனாரா, எங்கே போகிறார், தட்டிக்கேட்க யாரும் இல்லையா என்று போன்மேல் போன். பால்கனி ஐயாவும் கேட்டவர்களை ஏமாற்றவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார்.

மாமியார் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்பார். நிகழ்ச்சி முடிந்து ரேடியோக்காரி வெளியே வந்ததும் பிடித்துக்கொள்வார்.

"யாரும்மா அந்தப் பொம்பள? கொஞ்சமாவது கூச்சநாச்சம் வேணாம்? அந்த ஐயா தொண்டை கிழியக் கத்தறாரு, உறைக்குதா பாரு."

மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்பார்.

ஒருநாள் பால்கனி ஐயா பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு கிறீச்சொலி கேட்டது. பன்றிக்குட்டியின் காலை மிதித்தது போல. ரேடியோக்காரி ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். போர்வையையும் தாண்டி அதே கிறீச்சொலி வெளியிலிருந்து வந்தது. கட்டடத்தின் தண்ணீர் மோட்டார். அது நின்ற கணமே ஹெட்போனுக்குள்ளும் நின்றது.

ஆள் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறான்!

அன்றிலிருந்து அவள் கண் சும்மா இருக்கவில்லை. குப்பை கொட்டக் கீழே போனால் பால்கனிகளை அண்ணாந்து பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால் அந்தக் குரலைக் காதுக்குள் வைத்து உருட்டிப் பார்த்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர்மீது அவளுக்குப் பலத்த சந்தேகம். தரைத்தளத்தில் அவர் வீட்டு ஜன்னல் வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. யார் வந்தார், போனார் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூன்று வார்த்தை ஒழுங்காக வராது.

மோட்டார் சத்தத்தை அவள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. கட்டடத்தில் ரேடியோ கேட்ட அத்தனை பேரும் கண்டுகொண்டார்கள். ஆனால் அவர்கள் தேடியது பால்கனி ஐயாவை அல்ல, 'அந்த அம்மாவை'.

தேட அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள் ஒருத்தி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தினமும் மதியம் துணிப்பையோடு லிப்டில் இறங்கிப் போவாள், இருட்டுவதற்குள் வருவாள். யாரிடமும் சிரித்துப் பேசும் பழக்கம் இல்லாதவள். வேறென்ன வேண்டும்?

கார் நிறுத்தும் இடத்தில் சங்கம் கூடியது. எல்லாரும் மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நின்றார்கள். சலவைக்காரம்மாவைத் தூணோரம் நிற்கவைத்தார்கள்.

"நீங்க... வெளிய போறீங்க. லிப்டு... பட்டன் தொடறீங்க" என்றார் செயலாளர்.

"வேலைக்குப் போறேன். எங்கிட்ட பாஸ் இருக்கு."

"பாஸ் இருந்தா கிருமி வராதா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஜிம் நடத்தி மூடிவிட்டிருந்த மாஸ்டர் ஒருத்தர்தான் அவள் பக்கம் பேசினார். "அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு. நாளைக்கு என்னையும் இப்படித்தான் நிக்க வைப்பீங்களா?" என்றார். அவருக்கு ஜிம்மைத் திறக்க வேண்டிய அவசரம், அதனால்தான் பேசுகிறார் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்து அவரை அடக்கிவிட்டது.

சலவைக்காரம்மா சுற்றி ஒருமுறை பார்த்தாள். "ரேடியோல சொல்றது என்னையில்ல" என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. ரேடியோக்காரியும் நம்பவில்லை. மாமனார் கடைசி வரிசையில் பழைய மோட்டார் சைக்கிளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் லிப்ட் கதவில் காகிதம் ஒட்டப்பட்டது: இரண்டாம் மாடி, இடது பக்க வீட்டார் படியைப் பயன்படுத்தவும். அவள் வாசலில் யாரோ பிளீச்சிங் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். படி முழுக்க அந்த நெடி.

பால்கனி ஐயா அதற்கடுத்த நாள் பேசியபோது சற்றுக் கொதிப்பாகவே இருந்தார்.

"எவ்வளவு சொல்லியும் அந்த அம்மா திருந்தவில்லை ஐயா. நேற்றும் போனார். திரும்பி வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் நேரே சமையலறைக்குள் நுழைந்து பாத்திரத்தை உருட்டுகிறார்."

ரேடியோக்காரியின் கை பட்டனிலேயே நின்றது. பால்கனியில் இருப்பவனுக்கு, ஒருத்தி வீட்டுக்குள் போய்க் கை கழுவினாளா இல்லையா என்பது எப்படித் தெரியும்? தெரிந்தால் அவன் அதே வீட்டில் இருக்கிறான். சலவைக்காரம்மாவோ தனிக்கட்டை.

அப்போது மோட்டார் மறுபடி கிறீச்சிட்டது. ஹெட்போனுக்குள், வெகு பக்கத்தில். மோட்டார் இருப்பது மொட்டை மாடியில்.

அறிவிப்பாளர் ஒரு பாட்டைப் போட்டார். "லைன்ல இருங்க சார், பாட்டு முடிஞ்சதும் தொடரலாம்" என்று பால்கனி ஐயாவிடம் சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து, செருப்புக்கூட மாட்டாமல் படியேறினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கவிழ்த்த வாளியின்மேல், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசப்போகிறவரைப் போல முதுகை நிமிர்த்தி, மாஸ்க்கோடு, பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமனார்.

தினமும் நடப்பதற்கென்று மாடிக்கு ஏறுவாரே, அது இதற்குத்தானா!

அவளைப் பார்த்ததும் போனைச் சட்டென்று அணைத்தார்.

"மாமா... நீங்களா?"

"ம்" என்றார்.

"ம்னா என்ன அர்த்தம்? அந்த அம்மா யாரு?"

அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். "உங்க அத்தைதான்."

மதியம் ரேடியோக்காரி ஆன்லைன் அலுவலகக் கூட்டத்தில் அடைந்துகிடக்கும் நேரத்தில் மாமியார் பின்படி வழியாக இறங்கிப் போகிறாராம். தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் அழகு நிலையத்துக்கு. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, நாலு பெண்கள் சீட்டாடுகிறார்களாம்.

"அத்தைகிட்ட நேராச் சொல்லவேண்டியதுதானே மாமா?"

"சொன்னா கேக்கறவளா? என்னிக்குக் கேட்டிருக்கா? ரேடியோன்னா காது கொடுப்பா. நாலு பேர் காறித் துப்பினா உறைக்கும்னு நெனச்சேன். அவ என்னடான்னா, அந்தப் பொம்பளையத் திட்டிட்டே கிளம்பிப் போறா."

"கீழ ஒருத்தியை நிக்கவச்சுக் கிழிச்சாங்களே. அப்ப நீங்களும் அங்கதான் இருந்தீங்க."

அவர் தொட்டிச் சுவரைப் பார்த்தார். "இருந்தேன்."

"வாயைத் திறக்கல."

"திறந்தா நம்ம வீட்டு மானம் போயிடுமேம்மா."

அவளுக்கு வந்த கோபத்தில் மாமனார், மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "யார் வீட்டு மானமோ போனா உங்களுக்குப் பரவாயில்லையா? நாளைக்குப் பேசறீங்க. அது எங்க வீடுதான்னு சொல்றீங்க. லைனை நான் தர்றேன்" என்றாள். தானும் அதே கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது படியிறங்கும்போதுதான் அவள் நெஞ்சில் தைத்தது.

மறுநாள் மாமனார் பேசினார். மாஸ்க் இல்லாமல், மேடைத் தமிழ் இல்லாமல், நாக்குக் குழற. "நான்தான்... பால்கனி. நான் சொன்ன அம்மா என் மனைவி. எங்க கட்டடத்துல வேற ஒருத்தரைத் தப்பா நெனச்சுக்கிட்டாங்க. அவங்க வேலைக்குப் போறவங்க. மன்னிச்சிடுங்க."

அறிவிப்பாளரே திக்குமுக்காடிப்போனார். அடுத்த அழைப்பை ரேடியோக்காரி எடுத்தாள்.

"இது பால்கனி ஐயா குரலே இல்லைங்க. யாரோ டூப்பு."

அதற்கடுத்தவர், "அவரை மிரட்டிச் சொல்ல வச்சிருக்காங்க. குரல் நடுங்குது பாருங்க" என்றார். இன்னொருவர், "அந்தப் பொம்பள பின்னால பெரிய ஆளுங்க இருக்காங்க சார், தோண்டிப் பாருங்க" என்றார். நிகழ்ச்சி முடியும்வரை ஒருத்தர்கூட அது அவர்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஒப்புக்கொண்டவர் சமையலறையில் இருந்தார். மாஸ்க் இல்லாத அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா? மாமனார் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கையில் கரண்டியோடு வாசலிலேயே நின்றார்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"போகாதேன்னு... மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள சொன்னா எந்தக் காதுல விழும்? இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை யாரு சொல்லுங்க. இவ கதவைச் சாத்திக்கறா. நீங்க பேப்பரை விரிச்சுக்கறீங்க. ரேடியோல மட்டும் அவ்வளவு பேச்சு வருது! அந்தப் பேச்சுல கொஞ்சம் எனக்குக் கொடுத்திருந்தா நான் ஏன் அங்க போய் அந்தக் கோணவாய்க்காரிங்களோட சீட்டாடறேன்?"

சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே, "அந்த அம்மான்னா நானா? நானே என்னைத் திட்டிட்டு இருந்தேனே" என்று சொன்னபோது சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, செயலாளர் வீட்டுக்கு இறங்கினார். ரேடியோக்காரியும் கூடப் போனாள்.

நான்தான் அந்த அம்மா என்று மாமியார் சொன்னதைச் செயலாளர் ஜன்னல் வழியாகவே கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவங்க ரேடியோல... வேலை பாக்கறாங்க. நாடகம் போடத் தெரியாதா?"

"எங்க அத்தையே வந்து சொல்றாங்க, அப்புறமும் நாடகம்னா எப்படி?"

"அந்த ரெண்டாம் மாடிக்காரி உங்களுக்கு... என்ன குடுத்தா?"

மாமியார் வாயடைத்துப் போய் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. உண்மை எதுவானாலும் வம்பு வேண்டாம் என்று, லிப்ட் கதவிலிருந்த காகிதத்தில் மூன்றாம் மாடியில் இருந்த இவர்கள் வீட்டையும் பேனாவால் சேர்த்துவிட்டார்கள். பழையதை அடிக்கவில்லை.

மாமனாரும் அவளும் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினார்கள். சலவைக்காரம்மா சங்கிலியை எடுக்காமல் ஒரு கை அகலம் திறந்தாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் வராத பேச்சு அங்கே முழுசாக வந்தது. அவள் குறுக்கிடவே இல்லை.

"இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க? செயலாளர் அனுப்பினாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா, சத்தியமா..."

"நான் ஏதாவது பேசினா ரேடியோல போடுவீங்களா?" இது ரேடியோக்காரியைப் பார்த்து.

"இல்லீங்க."

"சரி" என்று கதவைச் சாத்தினாள்.

மாமியார் சீட்டாட்டத்துக்குப் போவதை விட்டார். பயத்தினாலா, இனி ஒளிந்து போவதில் ருசி இல்லாமல் போனதாலா, தெரியாது. அழகு நிலையக்காரி காய்ச்சலில் விழுந்து எழுந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது அவர் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மதியங்களில் மாமனார் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவரோடு சீட்டாட உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார். "ஏமாத்தறே" என்பார். "நிரூபிங்க, பரிசோதகர் சார்" என்பார் மாமியார். 'நீங்களே சொல்லுங்க' நிகழ்ச்சியில் வேறொருவர் தன்னைப் பால்கனி ஐயா என்று சொல்லிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நேயர்கள், இவர்தான் அசல் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் ரேடியோக்காரி காய்கறியோடு படியேறியபோது முன்னால் சலவைக்காரம்மா போய்க்கொண்டிருந்தாள். பை கனம் போல. படிக்கு ஒருமுறை கை மாற்றினாள். ரேடியோக்காரி தயங்கித் தயங்கி, "அக்கா, அந்தப் பையை நான் கொண்டாரட்டுமா?" என்றாள்.

அவள் திரும்பி, முதலில் ரேடியோக்காரியின் கையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம். எங்கிட்டயே இருக்கட்டும்."

இரண்டாம் மாடி வந்ததும் சலவைக்காரம்மா தன் வாசலில் நின்று சாவியைப் பூட்டில் நுழைத்தாள். ஆனால் திருப்பவில்லை. ரேடியோக்காரி அவளைக் கடந்து மேலே ஏறினாள். படி வளைந்து, தான் அவள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் கீழே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.