பார்த்தாச்சு

முப்பத்திரண்டு வருஷம் மெலோர் தோட்டத்து ஆபிஸில் கிராணியாக இருந்தவன் நான். ஐயாவு என்றால் பாதிப்பேருக்குத் தெரியாது, கிராணி என்றால் தெரியும். காலையில் பேர் போடுவது, மாதக் கடைசியில் சம்பளம் போடுவது, லீவு கேட்டு வந்து நிற்பவனை நாலு வார்த்தை திட்டி அனுப்புவது, இதுதான் என் உத்தியோகம். தொண்டை அதற்கே பழகிவிட்டது. ரிட்டையராகி கோலசிலாங்கூர் டவுனுக்கு வீடு மாறி ஆறு வருஷமாகியும் சத்தம் குறையவில்லை. "பக்கத்துல இருக்கிறவளுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?" என்று என் மனைவி லெட்சுமி கேட்பாள். அப்படிக் கேட்டதற்கும் கத்துவேன்.

தோட்டத்தில் இப்போது பன்னிரண்டு குடும்பம்தான் மிச்சம். மற்றவர்கள் ரவாங், ராசா என்று வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மாரியம்மன் கோவில் திருவிழா என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள். நான்தான் கோவில் செயலாளர். திருவிழாவைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு, அது நோட்டீஸ். எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துடையது என்று பெயர் போட்டு வரும். எவனும் தேதி பார்க்கமாட்டான். தன் பெயர் இருக்கிறதா, சம்பந்தி பெயர் தன் பெயருக்கு மேலே போய்விட்டதா, இதைத்தான் பார்ப்பான். மூன்று வருஷத்துக்கு முன் செல்லன் குடும்பத்துப் பெயர் விட்டுப்போய்விட்டது. சாமி புறப்படும் நேரத்தில் மனிதர் தேருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றார்.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். அச்சுக்குப் போகும் முன் நோட்டீஸை வாட்சப் குழுவில் போடுவேன். ஒவ்வொரு குடும்பமும் திறந்து பெயரைச் சரிபார்த்து 'பார்த்தாச்சு' என்று எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு என்னிடமிருந்து போன் போகும். என் போன் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காளியண்ணன் நம்பரிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. காளியண்ணன் கோவில் பொருளாளர், ரவாங்கில் இருக்கிறார், நோட்டீஸ் வேலை அவருடையது. 'திருவிழா அழைப்பிதழ். பெயர் பார்க்கவும்' என்று போட்டிருந்தது. தொட்டேன், திறக்கவில்லை. என் மகன் வாங்கிக் கொடுத்த போன், இந்த மாதிரி ஃபைல் அதில் திறக்காது என்று பின்னால்தான் தெரிந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். காளியண்ணனுக்கு ஒரு போன் அடித்து, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு போன். அடிக்கவில்லை. குழுவில் தள்ளிவிட்டு, 'மத்தியானத்துக்குள் எல்லோரும் பார்த்தாச்சு போடணும்' என்று உத்தரவும் போட்டேன்.

மளமளவென்று வந்தது. பார்த்தாச்சு, பார்த்தாச்சு, பார்த்தாச்சு. இருபத்தேழு குடும்பத்தில் இருபத்தாறு எழுதிவிட்டது. பாக்கி வேலம்மா மட்டும்.

வேலம்மா இன்னும் தோட்டத்து லயத்தில், அந்தப் பழைய வரிசை வீட்டில்தான் இருந்தாள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. புருஷன் போய்ப் பதினாலு வருஷம். தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது, வருஷக் கடைசியில் லயத்தை உடைக்கப்போகிறார்கள். பின்பக்கத்து நிலத்தில் மலிவு வீடு கட்டித் தருகிறார்கள், பழைய தொழிலாளிகளுக்கு முதலிடம். அந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதினோராயிரம் வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பட்டியலில் பெயர் போய்விடும். வேலம்மாவின் பேங்கில் பதினோராயிரத்து நானூறு இருந்தது. மாதம் ஐம்பது, எழுபது என்று அவள் ஒதுக்கியதை ஆபிஸில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் கட்டுவதாக இருந்தாள்.

ஒரு மணிக்கு அவளுக்குப் போன் அடித்தேன்.

"வேலம்மா! உனக்கு மட்டும் தனியா வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா? எல்லாரும் பாத்துட்டாங்க, நீ எங்க இருக்க?"

"இப்பதாண்ணே காட்டுலேருந்து வந்தேன். தொட்டுப் பாத்தேன், தொறக்கமாட்டேங்குது. செவப்பா காட்டி ஆபத்துன்னு மலாய்ல போட்டிருக்கு."

"போன்னா அப்படித்தான் காட்டும் லா. கீழ தொடரவும்னு ஒண்ணு இருக்கும், அத அமுக்கு."

"என்னென்னமோ அனுமதி கேக்குதுண்ணே. மெசேஜெல்லாம் படிக்கட்டுமான்னு கேக்குது."

"கேட்டா ஓகே போடு! ஓகே ஓகேன்னு போட்டுக்கிட்டே போ. இதுக்குமா நான் வந்து கையப் பிடிக்கணும்?"

வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. பேர உறுதி பண்ண ஒரு வெள்ளி கட்டணுமாம். பேங்க் பாஸ்வேர்ட் கேக்குது. நித்தியா வேலை விட்டு வரட்டும், கேட்டுட்டுப் போடட்டுமா?"

நித்தியா அவள் மகள். ரவாங் பக்கம் பேக்டரியில் வேலை, வீடு வந்து சேர எட்டு மணியாகும். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

"சாமிக்கு ஒரு வெள்ளி குடுக்க மகள்கிட்ட உத்தரவு வாங்கணுமா? காளியண்ணன் புதுசா ஏதாவது செஞ்சிருப்பாரு. கட்டித் தொலைச்சிட்டுப் பாத்தாச்சு போடு. என் உயிர வாங்காத!"

"சரிண்ணே, சரிண்ணே" என்றாள்.

ஒன்றே முக்காலுக்குக் குழுவில் வந்து விழுந்தது, 'பார்த்தாச்சு'. எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், நன்றாகவே தூங்கினேன்.

ராத்திரி எட்டரைக்கு நித்தியா கூப்பிட்டாள். அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"மாமா, அம்மா அக்கவுண்ட்ல பதினாறு வெள்ளிதான் இருக்கு. எல்லாம் போயிடுச்சு மாமா."

அவளே பேங்குக்கு அடித்திருந்தாள், மோசடிக்கென்று இருக்கிற 997க்கும் அடித்திருந்தாள். மறுநாள் காலையில் போலீசில் புகார் கொடுத்துவிட்டு மூவரும் பேங்குக்குப் போனோம். பெரிய மனுஷன் கூட இருந்தால் நல்லது என்று நித்தியாதான் என்னைக் கூப்பிட்டாள். நானும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன். எவ்வளவு தடித்த தோல் பாருங்கள் எனக்கு.

அங்கே இருந்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண், நித்தியா வயதுதான் இருக்கும். பொறுமையாக விளக்கினாள். ஃபைல் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது நோட்டீஸும் இல்லை, கல்யாணப் பத்திரிகையும் இல்லை. போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு செயலி. பேங்கிலிருந்து வரும் மெசேஜை நமக்கு முன்னால் அது படித்துவிடும். அந்த ஒரு வெள்ளிக்கு ஆசைப்பட்டு யாரும் கேட்பதில்லை, பாஸ்வேர்டைத் தட்டவைக்கத்தான் கேட்கிறார்கள். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் அவரைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல என் காது சூடாகிக்கொண்டே போனது.

பிறகு திரையைப் பார்த்து நேரம் சொன்னாள். மூன்று பத்துக்கு இரண்டாயிரம் போயிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் மிச்சம் அவ்வளவும் போயிருக்கிறது.

"முதல் தொகை போனதுமே எங்களுக்கோ 997க்கோ சொல்லியிருந்தால் கணக்கை உடனே முடக்கியிருப்போம். ஒன்பதாயிரத்துக்கு மேல் தப்பியிருக்கும்" என்றாள். "மூன்று பத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறதே, பார்க்கவில்லையா?"

"பாத்தேன்" என்றாள் வேலம்மா.

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேங்க் என்றும் பார்க்கவில்லை, வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"பாத்தியா? மூணு மணிக்குப் பாத்தவ எட்டு மணி வரைக்கும் என்னா பண்ணிக்கிட்டிருந்த? எனக்கு ஒரு போன் அடிக்கக் கை இல்லையா உனக்கு? அறிவு வேணாம்?"

அவள் தலையைத் தூக்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அதிகாரிதான் என்னைப் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள் என்றாள். அப்புறம் வேலம்மாவிடம், அந்த ஃபைலை உங்களுக்கு அனுப்பியது யார் என்று கேட்டாள். வேலம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கோவில் குழுவுல வந்துச்சு. நான் படிக்காதவ, தெரியாமத் தொறந்துட்டேன்" என்றாள். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரையே கத்தி அடக்குகிற வாய், அன்றைக்குச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

அன்று மாலை காளியண்ணன் கூப்பிட்டார். புதன்கிழமையே அவர் வாட்சப்பை எவனோ திருடிவிட்டானாம், அவர் போனிலிருந்தவர்களுக்கெல்லாம் அந்த ஃபைல் போயிருக்கிறதாம். உண்மையான நோட்டீஸ் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை என்றார்.

அப்படியென்றால் மற்ற இருபத்தாறு பேருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ராசாவிலிருக்கும் பாலனைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"யாருண்ணே தொறந்தா? செவப்பு காட்டுச்சு, மூடிட்டோம். என் தம்பியும் மூடிட்டான். சும்மா பார்த்தாச்சுன்னு போட்டோம். போடலன்னா நீங்க போன் அடிச்சுக் கிழிப்பீங்கல்ல?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். என்னிடம் பொய் சொன்னவர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். திறக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னவள் ஒருத்தி, அவள் கழுத்தைப் பிடித்து நான் உள்ளே தள்ளியிருக்கிறேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

விஷயத்தை லெட்சுமியிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நம்ம பிக்சட் டெபாசிட்ட எடுத்துக் குடுத்துடுங்க. முப்பதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு."

"குடுத்தா நான்தான் காரணம்னு ஆயிடாதா?"

"நீங்கதான காரணம்?"

அவளிடமும் கத்தினேன். போலீஸ் பிடித்துவிடும், பேங்க் திருப்பிக் கொடுத்துவிடும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். குழுவில் 'தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள்' என்று நீளமாக ஒரு அறிவுரை எழுதினேன். எத்தனையோ பேர் கைகூப்பி நன்றி சொன்னார்கள். வேலம்மாவைக் கத்தித் திறக்கவைத்தது நான் என்று மட்டும் எழுதவில்லை. இப்படியே பன்னிரண்டு நாள் போக்கினேன். போலீஸ் கண்டுபிடித்த கணக்கு கிளந்தானில் யாரோ ஒருவனுடையது, அதில் சல்லிக்காசு இல்லை.

இரண்டாம் தேதி காலையில் பணத்தை எடுத்துக்கொண்டு வீடமைப்பு ஆபிஸுக்குப் போனேன். பட்டியல் முப்பதாம் தேதியே முடிந்துவிட்டது, அந்த வீடு அடுத்த பெயருக்குப் போய்விட்டது என்றார்கள். ரெண்டே நாள்தானே என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். என் சத்தத்துக்கு அங்கே யாரும் அசையவில்லை.

நேராக லயத்துக்குப் போனேன். வேலம்மா சமையலறையில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ரவாங்கில் நித்தியா ஓர் அறை வாடகைக்குப் பார்த்திருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை லோரி வருகிறதாம். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் பணக்கவரை அடுப்பு மேடையில் வைத்தேன்.

"வேலம்மா, அந்த ஃபைல அனுப்பினது நான்தான். கட்டச் சொன்னதும் நான்தான்."

"தெரியும்ணே. உங்க பேருதான போன்ல இருந்துச்சு."

"அப்ப பேங்க்ல ஏன் சொல்லல?"

"நாலு பேரு முன்னால உங்கள எப்படிண்ணே சொல்றது?" கவரை என் பக்கம் நகர்த்தினாள். "இந்த டுயிட்ட நீங்களே வெச்சுக்குங்க. வீடு இல்லன்னு ஆயிடுச்சு, இனிமே வாங்கி என்னா பண்ணப்போறேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கே சொல்லியிருந்தால் ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும், குறைந்ததை எங்கேயாவது புரட்டியிருக்கலாம், வீடு நின்றிருக்கும். அது என் தப்பில்லையே என்று இத்தனை நாளும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை சத்தம் போடாமல் கேட்டேன்.

"மூணு மணிக்குப் பாத்தியே வேலம்மா. அப்பவே எனக்கு ஏன் அடிக்கல?"

அவள் ஒரு தட்டைப் பழைய பேப்பரில் சுற்றி வைத்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

"போன எடுத்தேன்ணே. உங்க நம்பர் வரைக்கும் போனேன். மத்தியானமே ரெண்டு தரம் கத்தினீங்க. சாமி காரியத்துல பணம் போச்சுன்னு சொன்னா இன்னும் கத்துவீங்களேன்னு பயந்துட்டேன். நித்தியா வரட்டும்னு போன மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்."

நான் கவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை எத்தனை தடவை யோசித்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. கத்தியிருப்பேன்.