கண் ஓட்டை

அன்று சனசமூக நிலைய மண்டபத்தில் இருந்தவர்கள்: கடலுக்குத் தடை வந்ததிலிருந்து வலையை மடித்து வைத்துவிட்ட யோகலிங்கம்; அவனுடைய அக்கா, கருவாடு போட மீன் கிடைக்காத கமலேஸ்வரி; துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பாஸைப் பறிகொடுத்த அபூதாஹிர்; பசை காய்ச்சும் ஸல்ஹா; கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் அருளம்பலம். நாட்கூலியும் மத்தியானப் பார்சலும் கிடைக்கும் என்றுதான் உள்ளூரார் நால்வரும் முகமூடி செய்யப் பழக வந்தார்கள். அந்த முகமூடிகளைப் போட்டு ஆடப்போகும் நாடகம் சமாதானத்தைப் பற்றியது.

கமலேஸ்வரி களிமண் முகத்தில் தேங்காயெண்ணெய் தடவி, கிழித்த பேப்பரைக் கோதுமை மாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டியிருந்தாள். மீன் கிழித்துப் பழகிய கை. வேலை துப்புரவாக இருந்தது. காய்ந்ததை அச்சிலிருந்து கழற்றி, பிளேட்டால் கண் வெட்டினாள். மீனுக்குக் கண் தலையின் உச்சிக்குக் கிட்ட. கை அந்தப் பழக்கத்தில் போய், மனித முகத்திலும் நெற்றியோடு ஒட்டி ஓட்டை போட்டுவிட்டது.

யோகலிங்கம் போட்டுப் பார்த்தான். நேரே ஒன்றும் தெரியவில்லை. நாடியை நெஞ்சுவரை இறக்கினால்தான் எதிரே நிற்பவர் தெரிந்தார்.

"என்னக்கா இது? ஒரு ஆளைப் பாக்கிறதெண்டா ஒருக்காக் குனிய வேண்டிக் கிடக்கு."

"நீ எப்பயடா நிமிந்து நிண்டனி?"

அபூதாஹிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாருங்க, பாருங்க, தலையாட்டி வந்திட்டான்!"

சிரிப்பு பாதியில் நின்றது. சுற்றிவளைப்பு நாளில் சாக்கால் தலையை மூடிக் கொண்டுவரப்படுகிறவனுக்குத்தான் அந்தப் பெயர். அவன் யாருக்கு முன்னால் தலையை ஆட்டுகிறானோ, அந்த ஆள் பிறகு வீடு திரும்புவதில்லை. கட்டைபறிச்சானில் கமலேஸ்வரியின் புருசன் அப்படித்தான் போனான். அவளுக்கென்று மிச்சம் இருப்பது இந்தத் தம்பி ஒருவன்.

"கழட்டடா சனியனை." பறித்துக் கிழிக்கப் போனாள்.

அருளம்பலம் ஓடிவந்து கையைப் பிடித்தார். "கிழிக்காதேங்கோ பிள்ளை. காசு தாற வெள்ளைக்காரர் படமெடுக்க வருகினம். எண்ணிக்கை குறைஞ்சா என்ர தலைதான் போகும்."

"கண் பிழை, சேர்."

"படத்தில ஆருக்குத் தெரியப்போகுது? கொழுவி விடுங்கோ."

கமலேஸ்வரி அதை விறாந்தைக் கொடியில் கொழுவினாள்.

மறுநாள் காலை மழை. ஸல்ஹா பசைக்கு அடுப்பு மூட்டுமுன் ஒழுங்கையின் இரண்டு முனையையும் சீருடைக்காரர் அடைத்துவிட்டார்கள். ஆண்களை மண்டப முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்கள் விறாந்தையில். கொழும்பு விலாசம் போட்ட அடையாள அட்டையைக் காட்டி அருளம்பலமும் விறாந்தையில் ஏறிக்கொண்டார்.

ஜீப்பிலிருந்து இறக்கப்பட்ட தலையாட்டியின் சாக்கு நனைந்து முகத்தோடு ஒட்டிக் கிடந்தது. மூக்கும் உதடும் அச்சில் எடுத்ததுபோல, ஆளை அடையாளம் காணும் அளவுக்குத் தெரிந்தன. அதிகாரி அவனைப் பார்த்தான். பிறகு கொடியைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே கைக்கு எட்டிய முகமூடியை எடுத்தான். மண்டபத்துக்குள் கொண்டுபோய் மாற்றிக் கூட்டிவந்தார்கள்.

நெற்றியோடு ஒட்டியிருந்த கண் ஓட்டைகளைக் கமலேஸ்வரி கண்டாள். அவளுடைய முகமூடி.

வரிசையில் முதல் ஆள் அபூதாஹிர். முகமூடி அவனைப் பார்க்கக் குனிந்தது. இரண்டு பேர் அவனை இழுத்தெடுத்தார்கள். அடுத்தது தபால்கந்தோர் இராசையா. குனிந்தது. இழுத்தார்கள். முகமூடிக்குள் இருந்தவன் கையை அசைத்து ஏதோ சொல்லப் பார்த்தான். பிடரியில் ஒரு அடி விழுந்தது. அதன்பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

கமலேஸ்வரி அருளம்பலத்தின் பக்கம் திரும்பினாள். "சேர், அவன் காட்டிக் குடுக்கேல்லை. கண் தெரியாமக் குனியிறான். உங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே, சொல்லுங்கோ!"

அருளம்பலம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். "இப்ப வாய் திறந்தா என்னையும் இறக்கி விடுவாங்கள், பிள்ளை. ஏலாது."

"நீங்கள்தானே கொழுவச் சொன்னனீங்கள்!"

"மெல்லக் கதையுங்கோ."

அவள் தமிழிலேயே கத்தினாள். "கண் பிழை! ஓட்டை பிழை!" துவக்குப் பிடி ஒன்று நெஞ்சில் ஊன்றி அவளைச் சுவரோடு தள்ளியது.

முகமூடி யோகலிங்கத்துக்கு முன்னால் வந்தது. அதைப் போட்டுப் பார்த்தவன் அவன். கால்விரல்களில் எம்பி, கழுத்தை நீட்டி, அந்த உயரத்து ஓட்டைகளுக்கு நேரே தன் முகத்தைப் பிடித்தான். முகமூடி குனியவில்லை. ஒரு மூச்சு நேரம் இரண்டு முகங்களும் அப்படியே நின்றன. கமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிங்களத்தில் ஓர் அதட்டல் கேட்டது.

பின்னால் நின்ற சீருடைக்காரன் முழங்கால் மடிப்பில் உதைத்தான். யோகலிங்கம் சேற்றில் குந்தி விழுந்தான். விழுந்தவன் யார் என்று பார்க்க முகமூடியும் குனிந்தது, நாடி நெஞ்சில் இடிக்கும் வரைக்கும்.

லொறி வரும்வரை பிடித்தவர்களை வைத்திருக்க ஓர் அறை வேண்டியிருந்தது. நாடகச் சாமான் அறையைக் காட்டி அதிகாரி கையை நீட்டினான். அருளம்பலம் இடுப்பிலிருந்த பூட்டுத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சிங்களத்தில் பணிவாக ஏதோ சொன்னார். அதிகாரி தலையசைத்தான்.

கமலேஸ்வரி அவருடைய சேட்டுக் கையைப் பிடித்தாள். "என்ன சொன்னீங்கள், சேர்? தம்பியைப் பற்றிச் சொன்னீங்களா?"

"உள்ள மிச்ச முகமூடியள் காயுது," என்றார் அருளம்பலம். "மிதிக்க வேண்டாமெண்டு சொன்னனான்."

யோகலிங்கத்தைக் கடைசியாக உள்ளே தள்ளினார்கள். கதவைச் சாத்தினார்கள். பூட்டு விழுந்தது.