டவரிலிருந்து ஒரு வெளிச்சம்

மற்றவர்கள் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டினால் ஒரு பொத்தானை அமுக்குவார்கள், விமானம் பறந்துவிடும். பிரபாகருக்கு அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. அவனுடைய விமானம் விளக்கெல்லாம் அணைந்து செத்துக் கிடக்கும். பேட்டரி, எரிபொருள் பம்பு, கதவு, காற்றழுத்தம் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அதற்கு உயிர் கொடுக்க நாற்பது நிமிஷம் ஆகும். நிஜ விமானத்தில் உள்ள வயரெல்லாம் அந்தப் புரோகிராமுக்குள் இருக்கிறது. தேய்ந்தால் தேயும், கெட்டால் கெடும். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன கிறுக்கு என்று முதலிபாளையத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பனியன் துணி பின்னும் அவர்களுடைய நிட்டிங் யூனிட்டின் மாடியில்தான் அந்த அறை. ஞாயிற்றுக்கிழமை கீழே மிஷின் ஓடாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பா கிட்டுசாமி மெதுவாகப் படியேறி வந்து, மகனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். மூன்று திரை, கைப்பிடி, கால் பெடல் எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஏன் வாங்கிக் கொடுத்தார் என்று அவரும் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பிரபாகருக்குப் பைலட் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு அவன் பெங்களூர் போயிருந்த வாரத்தில்தான் கிட்டுசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. திரும்பி வந்தவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நான் போகலீங்கப்பா. மிஷினப் பாத்துக்கறனுங்க" என்றான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று ஊரே மெச்சியது. மகனின் படிப்பைத் தன் நெஞ்சுவலி கெடுத்துவிட்டது என்று கிட்டுசாமி மட்டும் உள்ளுக்குள் குமைந்தார்.

பெங்களூரில் நடந்தது வேறு. டாக்டர் புள்ளிப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார். பிரபாகருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுபோலத்தான். 'தகுதியில்லை' என்று எழுதிய காகிதத்தை ரயிலிலேயே கிழித்துப் போட்டான். இறங்கியதும் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. படிக்கப் போகாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு நிறம் தடுமாறும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சாயப்பட்டறைப் பக்கமே விடாமல், சாயமேறாத துணி ஓடும் நிட்டிங்கில் வைத்தார்கள். அதற்கும் விமானத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த டாக்டர்மேல் அவனுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. விமானம் ஓட்ட நிறம் எதற்கு? எந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா? நிறம் தடுமாறுகிறவர்களுக்காக அந்தப் புரோகிராமிலேயே ஒரு வசதி உண்டு. அவன் அதைத் தொட்டதே இல்லை. நிஜ விமானத்தில் அது கிடையாது என்பான். சுகமாகத் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அந்த டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவான். ஆனால் வேலைநாளில் கோயம்புத்தூர் விமானம் தலைக்கு மேல் போனால், போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்து அண்ணாந்து நிற்பான். அது மறையும்வரை உள்ளே வரமாட்டான். அந்த ஏக்கத்துக்கு வயதே ஆகவில்லை.

அன்றைக்குச் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு நூற்றறுபத்திரண்டு பேரை ஏற்றிவந்தான், எல்லோரும் பட்டியலில் மட்டும் இருப்பவர்கள். இவனைப் போன்ற கிறுக்கர்கள் பதினோரு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உடுமலைப்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் மாதவன் அன்று தன் கம்ப்யூட்டரிலிருந்து, விமானங்களுக்கு வழி சொல்லும் கோயம்புத்தூர் டவர் வேலையைப் பார்த்தான். இறங்குவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில் திரை விமானத்துக்குள் மின்சாரக் கோளாறு வந்து ரேடியோ அத்தனையும் செத்தது. பிரபாகருக்குச் சந்தோஷம்தான். இதற்குத்தானே இவ்வளவு பாடும்!

ரேடியோ இல்லாத விமானத்துக்கு டவரிலிருந்து விளக்கடித்துக் காட்டுவார்கள். பச்சை நிலையாக எரிந்தால் இறங்கலாம். சிவப்பென்றால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

டவரிலிருந்து வெளிச்சம் வந்தது. நிலையாக எரிந்தது. என்ன நிறம் என்றுதான் தெரியவில்லை.

விளக்கு இருக்கும் இடமோ பக்கத்தில் எழுதிய எழுத்தோ அங்கே துணைக்கு வரவில்லை. ஒரே ஒரு புள்ளி, அந்தப் பெங்களூர்ப் படத்திலிருந்து எழுந்து வந்ததுபோல. அப்பா பின்னாலேயே இருக்கிறார். 'என்ன நிறமுங்கப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால், விமானத்துக்கு நிறம் எதற்கு என்பார். இருபத்திரண்டு வருஷப் பொய்யும் அவிழ்ந்துவிடும். இன்னொரு சுற்று சுற்றலாம், எரிபொருள் இருந்தது. ஆனால் அவனுக்கு அது பச்சையாக இருக்கவேண்டும் போலிருந்தது. பச்சைதான் என்று சொல்லிக்கொண்டு சக்கரத்தை இறக்கினான்.

ஓடுபாதையில் சங்கத்துக்காரர் ஒருவரின் சின்ன விமானம் நின்றிருந்தது. அதன் வால் திரை முழுக்க நிறைந்தது. அப்புறம் எல்லாம் உறைந்தது.

உடனே போன் அடித்தது. மாதவன்தான். "அண்ணா, செவப்பு காட்டிட்டே இருந்தனுங்களே! பாக்கலீங்களா?"

"அப்பறம் பேசறனுங்க" என்று வைத்துவிட்டான்.

"செவப்புத்தானே எரிஞ்சுது, கண்ணு? என்னோட கண்ணுக்கே தெரிஞ்சுதே" என்றார் கிட்டுசாமி.

பிரபாகர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டாக்டர் எழுதியது சரி. இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த மனிதர் சொன்னதையே, அவன் தேடித் தேடிச் சேர்த்த நிஜமும் சொல்லிவிட்டது. அழுகை வந்தது. நாற்காலியைத் திருப்பினான்.

"எனக்குத் தெரியலீங்கப்பா. பெங்களூர்ல டாக்டரு இதுக்குத்தான் வேண்டாம்னுட்டாருங்க. உங்களுக்கு நெஞ்சுவலின்னு தெரியறதுக்கு முன்னாடியே, எனக்கு இல்லைன்னு ஆயிருச்சுங்க."

அப்பா கோபப்படுவார் என்று பிரபாகர் காத்திருந்தான். கிட்டுசாமி தன் நாற்காலியை மகனுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப... நானு உன்ற படிப்பக் கெடுக்கலையா, சாமி?"

"இல்லீங்கப்பா" என்றான் பிரபாகர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்லியிருக்கவேண்டிய பதில் அது.