அரிசி அளவு நகர்த்தினால் போதும்

புதுப் பல்சக்கரம் போட்ட மூன்றாம் நாளே, மேட்டில் ஏறும்போது சங்கிலி எகிறி என் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. நல்ல வேளை, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று நினைத்தேன். பார்த்தால் ஒரு கார் என்னை உரசுகிற மாதிரி ஒடித்துத் திரும்பியது. உள்ளே இருந்தவன் கண்ணாடிக்குப் பின்னால் வாயை அசைத்துத் திட்டிவிட்டுப் போனான்.

சைக்கிள் கடைக்காரி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

நான் படித்தது நாலாவது வரைக்கும். முப்பத்தொரு வருஷம் ஆணி செய்கிற தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினேன். அங்கே எவனையும் நம்பாமல் இருந்ததால்தான் பத்து விரலோடு வெளியே வந்தேன். இந்தச் சைக்கிள் அந்தக் காலத்தில் வாங்கியது. கியர் மாற்றுகிற லீவர் கீழ்க்குழாயில் இருக்கும். இப்போது வருகிற மாதிரி 'கிளிக், கிளிக்' என்று தானாக நிற்காது. எவ்வளவு இழுக்கிறோமோ அங்கே நிற்கும். இழுக்கிறவனும் நான், நிறுத்துகிறவனும் நான். அது எனக்குப் பிடிக்கும்.

பின்னால் அஞ்சு பல்சக்கரம்தான் இருந்தது. வீடு மேட்டின் உச்சியில். முழங்கால் தேய்ந்த பிறகு அந்த அஞ்சை வைத்து ஏற முடியவில்லை. அதனால்தான் கடைக்காரியிடம் போனேன். நாற்பது வயசிருக்கும், விரலெல்லாம் கிரீஸ், பேச்சில் வெண்டைக்காய் வழவழப்பு கிடையாது. பின்சக்கரத்தையே மாற்றி, பத்துப் பல்சக்கரம் உள்ள புதுக் கொத்தைப் போட்டாள். கடைசிச் சக்கரம் சோற்றுத் தட்டு அகலம்.

"லீவரையும் மாத்திடலாமா பெரியவரே? கிளிக் லீவர் போட்டா தொல்லை இல்ல."

"அது என் கை பழகுன லீவர். அதுல கை வைக்காத."

"சரி, வைக்கல. ஆனா அஞ்சு இருந்த இடத்துல இப்ப பத்து இருக்கு. முன்ன மாதிரி வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. அரிசி அளவு நகத்தினா போதும். கரகரன்னு கேட்டா இன்னும் கொஞ்சம். சத்தம் நின்னா, சங்கிலி உக்காந்துருச்சுன்னு அர்த்தம்."

"எனக்கே பாடமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சங்கிலி எகிறிய விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிள் போய்விடும். போன மாதம் ஒரு தண்ணீர் லாரிக்காரன் எனக்குப் பின்னால் ஹார்ன் அடித்து அடித்துப் பார்த்தானாம், நான் வழிவிடவில்லையாம். பக்கத்து வீட்டு ஆள் போய் மகளிடம் வத்தி வைத்துவிட்டான்.

"அவன் அடிக்கவே இல்லடி. புளுகுறான்."

"ஊர்ல எல்லாரும் புளுகுறாங்க, நீங்க ஒருத்தர்தான் உத்தமர். இங்க பாருங்கப்பா, இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது கேள்விப்பட்டேன், சைக்கிளைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

செய்வாள். என் ரத்தம். அப்புறம் எங்கே போவதென்றாலும் அவள் ஸ்கூட்டருக்குப் பின்னால் பார்சல் மாதிரி உட்கார வேண்டியதுதான்.

கடைக்குப் போய்ச் சைக்கிளை வாசலில் சாத்தினேன். "யாரோ கழட்டிப் போட்ட சாமானை எனக்கு மாட்டி விட்டுட்டியா?"

அவள் கோபப்படவில்லை. ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, மிதியைக் கையால் சுற்றி, லீவரை நகர்த்தினாள். சங்கிலி பத்துச் சக்கரத்திலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது.

"ஸ்டாண்டுல எல்லாந்தான் ஆடும். மேட்டுல ஓட்டிப் பாரு" என்றேன்.

ஓட்டினாள். வளைவு வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்தாள். "வெண்ணெய் மாதிரி போகுது. இப்ப நீங்க ஏறுங்க, நான் கூட வர்றேன்" என்று இன்னொரு சைக்கிளை எடுத்தாள்.

பாதி மேட்டில் லீவரை இழுத்தேன். அவள் ஏதோ கத்திக்கொண்டே எனக்கு முன்னால் வந்து குறுக்கே நிறுத்தினாள்.

"என்ன பெரியவரே, இவ்வளவு சத்தம் வருது, அப்படியே மிதிக்கிறீங்க?"

"என்ன சத்தம்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கினாள். "மிதியைச் சுத்துங்க." சுற்றினேன். சுவரோரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மாடியில் துணி காயப்போட்ட பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

"கேக்குதா?"

"நல்லாத்தானே சுத்துது."

அவள் என் இடது கையைப் பிடித்துக் கீழ்க்குழாயில் அழுத்தி வைத்தாள். குழாய் அதிர்ந்தது. நன்றாகத் தெரிந்த அதிர்வு. ஆணி மெஷின் மேசையில் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும். அந்த மேசையின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. இந்தக் குழாயில் எனக்குச் சத்தமே இல்லை. அவள் லீவரை ஒரு மயிரிழை தள்ளினாள். அதிர்வு நின்றது. நாய் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

கார்க்காரன் ஏன் வாயை மட்டும் அசைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"அஞ்சு சக்கரத்துல இடைவெளி அதிகம், கைக்கே பிடிபட்டிருக்கும். பத்துக்குக் காதும் வேணும்" என்றாள். இந்தத் தடவை என் முகத்துக்கு நேராக, மெதுவாக. "கிளிக் லீவர் போட்டா காது வேணாம். போட்டுத் தரவா?"

"போடு. வீட்டுல சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன்? ஆனா பின்னாடி வர்ற லாரியைக் கிளிக் லீவர் பார்த்துக்காது, பெரியவரே."

லீவரை மாற்ற வேண்டாம் என்று தலையாட்டினேன். வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வழியில் பத்துத் தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேன்.

மகள் படியில் உட்கார்ந்து ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிருப்பான்" என்றேன்.

துடைக்கிற கை நின்றது. "என்னப்பா?"

"அடிச்சிருப்பான். எனக்குக் கேக்கல."

சைக்கிள் சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் பழைய இரும்புக்கு ஆள் கூப்பிடவில்லை. மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஸ்கூட்டருக்குப் பின்னால், பார்சல் மாதிரிதான்.

டாக்டர் கொடுத்த மெஷின் பட்டாணி அளவு இருந்தது. அந்த ஆளையும் நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். இப்படித் தேய்த்துத் தேய்த்தா நடக்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மகள் சாவியைக் கொடுத்தாள். மேட்டில் லீவரை இழுத்தேன். அப்பப்பா! தகர டப்பாவில் ஆணியைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அரிசி அளவு நகர்த்தினேன். கரகரப்பு குறைந்தது. இன்னும் அரை அரிசி. நின்றது. முழங்கால் நோகாமல் மிதி சுற்றியது. மேடு கீழே போனது.

பின்னால் ஹார்ன். ஓரம் ஒதுங்கினேன். எதுவும் முந்திப் போகவில்லை. மறுபடி ஹார்ன். திரும்பிப் பார்த்தால், என் மகள் ஸ்கூட்டரில் ஊர்ந்து வருகிறாள்.

"கேட்டுச்சாப்பா?"

"ஊருக்கே கேட்டுச்சு. முந்திப் போடி."

போகவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். அவளும் யாரையும் லேசில் நம்பமாட்டாள்.