ஆறாத நானகத்தா

அந்தப் பொட்டலம் தன்னுடையது என்று சொல்லப் போனால் தன்னையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது றஸ்மியாவுக்குத் தெரியும். இருந்தும் மாவு, சீனி, நெய் மூன்றையும் ஓலைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

அவள் கணவன் முத்தலிப் குறுக்கே வந்து நின்றான். "ஒனக்குப் பைத்தியமா? கண்டியில குண்டு வெடிச்ச சத்தம் இன்னும் காதுல ஈக்கி. நீயே போய் மாட்டிக்கப் போறியா?"

"நான் சொல்லித்தானே கணபதி போன. தள்ளுங்க."

தொண்ணூற்றெட்டு ஜனவரி. நோன்புப் பெருநாளுக்கு அவள் சுடும் நானகத்தா பிஸ்கட்டுக்கு யட்டவத்தையில் தனி மவுசு. மாமியார் வழிவந்த பக்குவம் அது. அமோனியாத் தூள் போட்டால்தான் மேலே வெடித்து, வாயில் போட்டதும் மாவாய்க் கரையும். தூள் தீர்ந்துவிட்டது. விறகு பிளக்க வரும் எல்கடுவத் தோட்டத்துக் கணபதியைக் காலையில் மாத்தளை டவுனுக்கு அனுப்பியிருந்தாள். திரும்பும் வழியில் காவலரணில் மறித்துவிட்டார்கள் என்று தெருவில் வந்தவர்கள் சேதி சொன்னார்கள். வெள்ளைத் தூள், கண்ணைக் கரிக்கும் நெடி, தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை. வேறென்ன வேண்டும்?

காவலரண் மூலையில், சொந்தச் சட்டையாலேயே கைகள் கட்டப்பட்டுக் குந்தியிருந்தான் கணபதி. உதடு வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் தலையை ஆட்டினான், வராதீங்க என்பதுபோல.

"மாத்தயா, அது பிஸ்கட்டுக்குப் போடுற தூள்" என்றாள் சிங்களத்தில்.

சார்ஜன் சிரிக்கவில்லை. "மூக்குக்கிட்ட வச்சாலே கண்ணால தண்ணி ஊத்துது. இதையா திங்கிறீங்க? கண்டியிலேருந்து ஜீப் வருது நோனா. அங்க போய்ச் சொல்லட்டும்."

ஜீப்பில் ஏறிப் போன சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை. கணபதியின் மனைவி இலட்சுமிக்கு இது நிறைமாசம்.

"இங்கேயே சுட்டுக் காட்டுறேன். அந்தப் பொட்டலத்திலேருந்து உங்க கையாலேயே போடுங்க."

"வெடிச்சா?"

"அடுப்புக்கிட்ட நிக்கிறது நான்தானே மாத்தயா."

அவன் வாசலில் நின்ற சிப்பாய்களைப் பார்த்தான். பிறகு சமையல் கொட்டில் பக்கம் கையைக் காட்டினான்.

சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, உருண்டைகளை அடுக்கினாள். தகர மூடிக்கு மேலே தணல், கீழேயும் தணல். தணலை ஊதிக்கொண்டே இருந்தாள். கொட்டிலுக்குள் யாரும் வரவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தார்கள்.

மூடியைத் திறந்த நேரம் ஜீப் வந்து நின்றது.

உள்ளே நானகத்தா வெடித்துப் பூத்திருந்தது. ஆனால் அதோடு குப்பென்று கிளம்பியது அதே நெடி. சார்ஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

"நாறுது!"

"ஆறினா வாசம் போயிரும் மாத்தயா. கொஞ்சம் பொறுங்க."

"ஜீப் பொறுக்காது. நீ தின்னு."

"நான் நோன்பு."

"நோன்பா, பயமா?"

மூலையிலிருந்து கணபதி கத்தினான். "நான் திங்கிறேன் மாத்தயா! அவங்களை விட்டுருங்க!"

"நீ திம்பே. கழுத்துல சயனைட் குப்பி கட்டிக்கிட்டுத் திரியிறவனுங்ககூடத்தான் திம்பானுங்க."

ஜீப்பிலிருந்து இறங்கியவன் கணபதியின் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

றஸ்மியா மனசுக்குள் அல்லாஹ்வை அழைத்தாள். கொதிக்கும் நானகத்தா ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். நாக்கு வெந்தது. நெடி மூக்கின் உச்சிக்கு ஏறியது. இப்போது முகம் சுளித்தால் எல்லாம் போச்சு. சார்ஜனின் கண்ணைப் பார்த்தபடியே மென்றாள், விழுங்கினாள், இன்னொன்றை எடுத்தாள்.

அவள் விழுவாளா என்று காத்திருந்தார்கள்.

அதற்குள் தட்டு ஆறிவிட்டது. ஒரு சிப்பாய்தான் முதலில் மோந்து பார்த்தான். பிறகு சார்ஜன் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தான். கிள்ளியது போதாமல் முழுசையும் எடுத்தான்.

"எங்க ஊர்ல அம்மா புது வருசத்துக்குச் சுடுவா" என்றான், யாருக்கென்று இல்லாமல். ஜீப்காரனிடம் கையசைத்தான். "இவனை அவிழ்த்து விடு. பொட்டலத்தையும் குடு."

தெருவில் வெகுதூரம் வந்த பிறகு கணபதி கேட்டான்.

"ஏன்க்கா சூட்டோட தின்னீங்க? ஆறவிட்டிருக்கலாம்ல?"

"ஜீப்பு ஆறுமா?"

"நோன்பு போச்சே."

"களா புடிச்சுக்கலாம். பெருநாளுக்குப் பொறகு ஒரு நாள்."

"அன்னிக்கு நானும் பட்டினி கெடக்கேன்க்கா."

"நீ பட்டினி கெடந்தா வெறகு யாரு பொளக்கிற?"

வீங்கிய உதட்டோடு அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வளைவுக்கு அப்பால் மணல் மூட்டைகளும் மறிகம்பும் தெரிந்தன. அடுத்த காவலரண்.

அவள் பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.