தடுப்பூசி ஃபிரிட்ஜின் ஊமைப் பெட்டி

அக்கா நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், தடுப்பூசி ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பெட்டி பேச்சை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பெட்டி என்றால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. சோப்பு டப்பா அளவுதான். ஃபிரிட்ஜுக்குள் சூடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் நர்ஸின் போனுக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அது வாயை மூடிக்கொண்டதிலிருந்து, ராத்திரியில் கரன்ட் போனால் யாருக்குத் தெரியும் என்ற பயத்தில் அக்கா வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். மருந்தறையில் பெஞ்சைப் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தாள்.

"உங்க அக்கா அந்த ஃபிரிட்ஜையே கட்டிக்கிட்டா. நான் இங்க சும்மா ஒப்புக்கு இருக்கேன்," என்றார் அத்தான் போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு வெகுதூரம் போகவில்லை.

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவள் பொடிசு. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர். நாற்பது வயதாகி, தலையில் வெள்ளை எட்டிப் பார்த்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. அந்தப் பெட்டியைத் தயாரித்த கம்பெனியில்தான் அவள் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். போன வருஷம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தாள். வேலைக்குக் குறைவில்லை; மனசுதான் ஒட்டவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் லேப்டாப்பும் ஒரு கற்றைக் கம்பியுமாகக் கிளம்பினாள். ஆஸ்பத்திரி மேட்டின் மேல் இருந்தது. மருந்தறையில் ஒரே ஒரு ஜன்னல். ஃபிரிட்ஜின் மேல் அக்காவின் தலையணை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"கம்பெனியே இல்ல. அப்புறம் எதை வச்சுடி இதைத் திறப்ப?" என்று கேட்டாள் அக்கா.

"உள்ள ஓடுற கட்டளையெல்லாம் கம்பெனியோட சொந்தச் சரக்கு இல்லக்கா. எங்கெங்கயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதிப் பொதுவுல வச்சது. யாரும் எடுக்கலாம், மாத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை. அதைப் போட்டுப் பொருள் வித்தா, அதோட மூல நிரலையும் கொடுத்திடணும்."

கம்பெனி நடந்த காலத்தில் முதலாளி இதைக் கேட்டு முகம் சுளித்தார். பொடிசுதான் விடாப்பிடியாக நின்று, எல்லாவற்றையும் ஒரு பொதுத் தளத்தில் ஏற்ற வைத்தாள். கம்பெனி போய்விட்டது. ஏற்றியது அப்படியே இருந்தது.

பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கரன்ட் போனால் தாங்கிக்கொள்ள உள்ளே இருந்த பேட்டரி உப்பிப்போயிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கம்பியைச் சொருகினாள். லேப்டாப்பின் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடி, ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இதுக்குள்ள இடம் ரொம்பக் கம்மி. அதனால ஒரே ஒரு நிரல்தான். எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அந்த வேலையைச் செய்யும். 'காட்டு'ன்னா காட்டும், 'அழி'ன்னா அழிக்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லு. சிஸ்டர்னா ஊசி, அம்மான்னா சோறு, ஏய்னா உங்க அத்தானோட சட்டை பட்டன்."

பொடிசு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே காரணத்தையும் கண்டுபிடித்தாள். பெட்டி தான் செய்வதையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதிக்கொண்டே வந்திருந்தது. எழுதி எழுதி இடமெல்லாம் நிரம்பிவிட, புதிதாக ஓர் எழுத்து எழுதவும் வழியில்லாமல் செய்தி அனுப்புகிற நிரல் முடங்கிப்போயிருந்தது. பொதுவில் கிடைக்கிற அந்தக் கட்டளைத் தொகுப்பில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கியெடுத்துத்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டுவார்கள். இடம் மிச்சம் பிடிக்க, பழைய குறிப்பைக் கழித்துக்கட்டும் கட்டளையை விட்டுவிட்டிருந்தார்கள். நேரம் பார்த்துத் தானாக ஓடும் கட்டளையும் இல்லை.

பழைய குறிப்பை அழித்தாள். மறுபடி வேலை தொடங்கியதைச் சொல்லும் செய்தியோடு உடனே அக்காவின் போன் முனகியது.

"பேசிடுச்சுடி! அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு. கொஞ்ச நாள்ல திரும்பவும் நிரம்பிடும்."

"அப்போ ஒவ்வொரு தடவையும் நீ பஸ் ஏறி வருவியா?"

வர வேண்டியதில்லை. விட்டுப்போன இரண்டு கட்டளைகளையும் சேர்த்து, இந்தப் பெட்டிக்குத் தேவையே படாத சிலவற்றை நீக்கி, புதுத் தொகுப்பு ஒன்றை அவள் அங்கேயே லேப்டாப்பில் கட்டினாள். பழையதைவிட அது சிறிசு. பழையது இருந்த இடத்தில் புதியதை எழுத வேண்டும். சில நொடி வேலைதான். கட்டளையைத் தட்டினாள். எழுத்துகள் ஓடத் தொடங்கின.

கரன்ட் போயிற்று.

மின்விசிறி ஓய்ந்தது. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. கரன்ட் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது. ஆனால் பெட்டி எழுந்திருக்கவில்லை. பாதி பழசும் பாதி புதுசுமாகக் கிடந்த தொகுப்பை அதனால் ஓட்ட முடியவில்லை.

வேலை எப்படிப் போகிறது என்று டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இருந்ததும் போச்சா?"

பொடிசுக்கு முகம் சுருங்கிவிட்டது. லேப்டாப்பிலிருந்தே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்திருக்கலாம். இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் மறுபடி எப்படி நுழைவது? கட்டளை கொடுக்கலாம் என்றால், கட்டளையைக் கேட்கிற நிரலே செத்துக் கிடக்கிறது. இருந்த ஒரு வாயையும் அடைத்துவிட்டோமே என்று நினைத்தபோது, பஸ் ஏறி வந்ததே தப்போ என்று இருந்தது.

அக்கா எழுந்து போனாள். டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "குடி. குழந்தை அழலேன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? முதல்ல மூச்சு இருக்கான்னு பார்ப்போம்."

பொடிசு டீயை ஒரு வாய் குடித்தாள். மூச்சு இருந்தது. எந்தப் பெட்டியும் கண் விழிக்கும்போது முதலில் ஒரு துளி நிரல் ஓடும். மற்றதையெல்லாம் எழுப்பிவிடுவது அதுதான். அது தனி இடத்தில் பத்திரமாக இருந்தது. பெட்டியின் மைய நிரலும் சேதமாகவில்லை. கண் விழிக்கிற அந்த நொடியில் குறுக்கே புகுந்து தடுத்தால், புதுத் தொகுப்பைக் கம்பி வழியாகத் தற்காலிக நினைவகத்துக்கு அனுப்பி அங்கிருந்தே ஓட்டலாம்.

இந்த முறை பெட்டிக்கு லேப்டாப்பிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். அனுப்பத் தொடங்கினாள். ஆனால் அந்தக் கம்பியில் சொட்டுச் சொட்டாகத்தான் போனது.

"எம்மாம் பெருசு அனுப்புற?"

"உன் போன்ல ஒரு போட்டோ இருக்குமே, அதை விடச் சிறிசு."

"அத்தனை கட்டளையும் அதுக்குள்ளயா?"

"அதனாலதான்க்கா இன்னைக்குள்ள போய்ச் சேரும். பெருசா இருந்திருந்தா நான் உன்னோட அந்த பெஞ்சுலதான் படுத்திருக்கணும்."

அக்கா வெளியே போய் இரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு, சின்னவன் தன்னைக் கடித்த கதையோடு திரும்பி வந்தாள். அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. வேலை போனதைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொடிசு அவளிடம் பேசினாள். "போனது கூடப் பரவாயில்லக்கா. செஞ்சதெல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சேன்னுதான்." அக்கா அவள் தோளில் கை வைத்தாள்.

திரையில் புதிய வரி வந்தது. சின்னக் கோடு கண் சிமிட்டியது.

நினைவகத்தில் ஓடிய தொகுப்பைக் கொண்டே, சிதைந்த இடத்தில் நல்ல பிரதியை எழுதினாள். ஒரு தடவைக்கு இரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். பெட்டியை அணைத்து, டாக்டர் கடையிலிருந்து வாங்கி வரச் செய்திருந்த புதுப் பேட்டரியைப் பொருத்தி, மறுபடி எழுப்பினாள். பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. அக்கா ஃபிரிட்ஜின் காலியாக இருந்த மேல்தட்டிலிருந்து, பெட்டியோடு கம்பியால் இணைந்த வெப்பமானியை வெளியே எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் போன் அலறியது. டாக்டர் வாசலில் நின்று கைதட்டினார்.

அன்று சாயங்காலம் அக்கா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். "இன்னைக்கு என்ன, ஃபிரிட்ஜோட சண்டையா?" என்றார் அத்தான். உடனே அடுக்களைக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

ஊர் திரும்பிய பொடிசு, கட்டிய தொகுப்பையும், செய்முறையையும், பெட்டிக்கு முதலில் லேப்டாப்பிலிருந்து மின்சாரம் கொடுங்கள் என்ற எச்சரிக்கையையும் அதே பொதுத் தளத்தில் ஏற்றினாள். அக்கா தனக்குத் தெரிந்த நர்ஸுகளுக்கெல்லாம் போன் போட்டாள். "என் தங்கச்சி" என்று ஆரம்பித்தால் அவள் லேசில் விடமாட்டாள்.

சில நாள் கழித்து, முன்பின் தெரியாத மெக்கானிக் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் ஊர் ஆஸ்பத்திரியிலும் அதே பெட்டி, அதே நோய். "இதை எடுத்துக்கலாமா மேடம்? யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"யார்கிட்டயும் வாங்க வேண்டாம்," என்று எழுதினாள்.

அடுத்த வாரமே அவரிடமிருந்து ஒரு மாற்றம் வந்தது. தொகுப்பை இன்னும் கொஞ்சம் குறுக்கியிருந்தார். நல்ல யோசனை, ஓரிடத்தில் மட்டும் ஒரு வரி தவறியிருந்தது. செய்து முடிக்க வேண்டிய துணிக்கடை இணையதளம் திரையில் திறந்திருக்க, பொடிசு அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அந்த வரியை எப்படித் திருத்தலாம் என்று அவருக்கு எழுத உட்கார்ந்தாள்.