சத்தமில்லாமல் கிழிப்பது

கிறிஸ்டினா வீட்டில் பகல் என்பது அவள் புருஷன் இம்மானுவேல் தூங்கும் நேரம். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் அவனுக்கு நைட் ஷிஃப்ட். வீடோ ஒரே அறை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக் கட்டிலில் கிடப்பான். மிக்ஸி ஓடக் கூடாது, டிவி கூடாது, குக்கர் கூவக் கூடாது. தட்டைக்கூட அவள் துணி விரித்துத்தான் கீழே வைப்பாள்.

பயம் சும்மா இல்லை. போன மாதம் வேலையில் அவனுக்குக் கண் அசந்துவிட்டது. பழுக்கக் காய்ந்த கம்பி துள்ளி வந்து பூட்ஸை உரசிக்கொண்டு போனது. காலையில் வந்து காட்டினான், பூட்ஸ் தோலில் கருகிய பள்ளம். அதிலிருந்து அவன் தூக்கத்துக்கு இவள் காவல்.

ஆனால் பாருங்கள், காவல் இருப்பவளுக்குப் பகல் எவ்வளவு நீளம்!

"இன்னாமே கிறிஸ்டி, ஊட்ல ஆளு கீதா இல்லியா? மூச்சு சத்தமே காணோம்" என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசலில் நின்று கத்துவாள்.

இவள் உதட்டில் விரல் வைத்தபடி ஓடுவாள். "அவுரு தூங்குறாருக்கா."

"ராஜா தூங்குறாரு, ஊரே வாயப் பொத்திக்கினு கெடக்கணும்!"

ஒருநாள் போனில் ஒலியை அடியோடு குறைத்துவிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் ஜப்பான்காரம்மா ஒருத்தி வந்தாள். கத்தரி இல்லை, வண்ணம் இல்லை. கலர்த் தாளை விரலால் கிழித்துக் கிழித்து ஒட்டினாள். மலை வந்தது. கிழிந்த ஓரம் பஞ்சாக வெளுத்திருந்தது, அதுதான் பனி. சிகிரி-எ என்று பேராம். கிறிஸ்டினாவுக்குக் கை துறுதுறுத்தது. மாதா கோயில் தோரணத்தில் மிஞ்சிய தாளை எடுத்து ஒரே இழுப்பு.

சர்ர்.

இம்மானுவேல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் சிவப்பு. "இன்னாடி அது, எலியா?"

"ஒண்ணுமில்ல, பேப்பரு. நீ தூங்குய்யா."

"எழுப்பிவுட்டுட்டு தூங்குன்றியே!"

பிறகு அவனுக்குத் தூக்கம் வரவே இல்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்தபோது கால் பின்னியதை அவள் பார்த்தாள். விடியும்வரை ஜெபம். அவன் முழுசாக வந்து சேர்ந்ததும் தாள்களை டிரங்குப்பெட்டியின் அடியில் போட்டு மூடினாள்.

மறக்கத்தான் முடியவில்லை. வீடியோவை மறுபடி பார்த்தாள். கிழிப்பதற்கு முன்னால் அந்த அம்மா தூரிகையால் தாள்மேல் ஒரு கோடு இழுத்தாள். பசை என்று நினைத்திருந்தாள் இவள். பசை என்றால் விரலில் ஒட்டாதா? ஒட்டவில்லையே. தண்ணீர்!

காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சொம்பில் நனைத்துக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தாள். ஊறின அப்பளம்போலத் தாள் பிரிந்தது. ஓரமெல்லாம் மெல்லிய ரோமம். கட்டிலைப் பார்த்தாள். குறட்டை.

அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் இதே வேலை. விரலில் சாயம் ஏறியது, முதுகு வலித்தது. படம் பெரிதாக ஒன்றுமில்லை. போர்வைக் கிழிசல் வழியாக மத்தியானம் உள்ளே வந்து, சுவரில் தொங்கும் சட்டைவரை ஏறும் வெயில். பகலில் அவளுக்கு அது ஒன்றுதான் விருந்தாளி.

உலை பழுது என்று ஆலைக்கு லீவு விட்டார்கள். ராத்திரி தூங்கிவிட்டதால் பகலில் விழித்திருந்த இம்மானுவேல் படத்தைக் கையில் எடுத்தான்.

"எந்த ஊரு இது?"

"நம்ம ஊடுதான். மத்தியானத்துல."

"இம்மாம் வெளிச்சமா வருது?" எழுந்து போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு மஞ்சள் தாளை எடுத்துத் தண்ணீர்கூடத் தொடாமல் இழுத்தான்.

சர்ர்.

"உஷ்!" என்று பதறி அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். கட்டிலில் யாரும் இல்லை.

"யாருடி தூங்குறா?" என்றான் இம்மானுவேல். அவனும் ரகசியக் குரலில்தான் கேட்டான்.